குழாய்க்குள் ஒரு விரல் காற்று

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் மட்டக்காரர் என்றே கூப்பிடுவோம். மனைகளின் சரிவைப் பார்ப்பது அவர் வேலை. மழைத்தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி, பக்கத்து மனைக்குள் நுழையாமல், தெருக்கால்வாய்க்குப் போக வேண்டும் என்பது விதி. கருவி என்று அவரிடம் இருந்தது தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய் ஒன்றுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்து மேடு பள்ளம் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக அவர் கையெழுத்தில்லாமல் இங்கே யாரும் குடிவந்ததில்லை.

அந்த வாரம் மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. என் எதிர்வீட்டுச் செவிலியரின் கதவில் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர் முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறதாம். நாளைக்குள் மண் கொட்டி ஓரடி உயர்த்தாவிட்டால் சங்கமே லாரியில் கொண்டுவந்து கொட்டுமாம். கொட்டினால் மண் வாசற்படிக்கு மேலே ஏறும், தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும். உள்ளே, எழுந்திருக்க முடியாத கணவரின் கட்டில்.

"நீங்க பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று செவிலியர் மட்டக்காரரைக் கூட்டிவந்தார்.

மட்டக்காரர் அளந்தார். செவிலியர் மனையில் குறையே இல்லை. குழாயை வேலிக்கு அப்பால் நீட்டினார். சங்கத் தலைவரின் புல்வெளி நான்கு விரல் இந்தப் பக்கம் சரிந்திருந்தது.

அந்த மனைக்கும் கையெழுத்துப் போட்டவர் மட்டக்காரர்தான். தலைவர் குடிவந்த அன்று சாமான் வண்டி வாசலில் நின்றதால் அவசர அவசரமாக அளந்தார். குழாய்க்குள் ஒரு விரல் நீளத்துக்குக் காற்று நின்றிருந்ததை மறுநாள்தான் கண்டார்; காற்று நின்றால் மட்டம் தப்பாகக் காட்டும். உதறி வெளியேற்றினார். வாயைத் திறக்கவில்லை.

"என்ன மட்டக்காரரே, என் புல்லைப் போய் அளக்கறீங்க? நோட்டீஸ் அந்தப் பக்கம்ல?" என்றபடி தலைவர் வந்தார்.

"தண்ணி இந்தப் பக்கமிருந்துல்ல வருது."

"சரின்னு எழுதினது நீங்கதானே? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? உங்க பத்தொன்பது வருஷக் கையெழுத்தும் சந்தி சிரிக்கும், பாத்துக்கோங்க."

விதிப்புத்தகம் தலைவர் வீட்டு வேலியோடு நின்றுவிடும் என்பதை, சூரியன் கிழக்கே உதிப்பது போல நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு வாசலில் நின்ற நானும்தான்.

மட்டக்காரர் செவிலியரிடம் பேனா கேட்டார். நோட்டீஸைக் கிழித்தெடுத்து, அதன் பின்பக்கம் எழுதினார்: 'தலைவர் மனையை நான் அளந்தது தவறு. குழாயில் காற்று இருந்தது. மறுநாளே தெரிந்தும் மறைத்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டுச் செவிலியரிடம் நீட்டினார்.

மழை பிடித்தது. புல்வெளித் தண்ணீர் வேலிக்கு அடியில் புகுந்து வருவதை மூவரும் பார்த்தார்கள். செவிலியர் காகிதத்தை மாத்திரைப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"அண்ணே, கட்டில ஒரு பக்கம் பிடிங்க! செங்கல் மேல ஏத்திடலாம்!"

குழாயைப் போட்டுவிட்டு அவரும் ஓடினார். நானும் ஓடினேன்.

மறுநாள் காலையிலேயே செவிலியர் அந்தக் காகிதத்தைச் சங்கத்தில் கொடுத்தார்; மண் லாரி வரவில்லை. மட்டக்காரருக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் கையெழுத்திட்ட மனைகளை எல்லாம் திரும்ப அளக்கப் போகிறார்களாம். அதுவரை அவர் வேலைக்கு வரக்கூடாதாம். முதலில் எந்த மனை என்று அதில் இல்லை. அதைக் கேட்டு நானும் செவிலியரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வானம் இன்னும் வெளுக்கவில்லை.