கோணியில் போன பானை

கடப்பாரை மண்ணில் இறங்கினால் 'சதக்' என்று கேட்கும், பாறையில் பட்டால் 'ணங்' என்று கேட்கும். அன்றைக்கு வேப்பம்பட்டில் எங்கள் கிணற்றுப் பள்ளத்துக்குள்ளிருந்து கேட்டதோ இரண்டும் இல்லாத ஒரு 'டொப்'. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எண்பதுகளின் நடுவில், ஆவடிக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அப்பாவும் அவருடைய அண்ணனும், அதாவது என் பெரியப்பாவும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை வாங்கி, எல்லையில் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மனைக்காகப் பெரியம்மாவின் வளையல்கள் போயிருந்தன. அன்று பெரியப்பாவுக்குப் பகல் ஷிப்ட். மேற்பார்வைக்கு அப்பாவும் நானும் மட்டும்.

பள்ளத்தில் தெரிந்தது ஒரு பானையின் வாய். பானை என்றால் அடுப்பில் ஏறும் பானை இல்லை, நான் உள்ளே உட்கார்ந்து மூடி போட்டுக்கொள்ளலாம், அத்தனை பெரியது. கிணறு வெட்டிய ஏழுமலை அதற்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "நீ போயி ஸ்டேஷனாண்ட தண்ணி புட்ச்சினு வா" என்று என்னைச் சின்னக் குடத்தோடு விரட்டினார். நான் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தபோது பள்ளத்தில் உடைந்த பானையின் ஓடுகள் மட்டும் கிடந்தன. சைக்கிள் கேரியரில் கட்டிய கோணி மூட்டையோடு அப்பா ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டது.

அப்பா அம்மாவிடம் சொன்னபடி, பானைக்குள் இருந்தவை மண், எலும்பு, கறுப்பும் சிவப்புமான சில கிண்ணங்கள். பெரியம்மா, எதிரில் சாவு போனாலே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவார். வளையலை விற்று வாங்கிய இடத்தில் எலும்பு என்று தெரிந்தால் "தீட்டு மண்" என்று காலெடுத்து வைக்கமாட்டார், அண்ணன் இடிந்துபோவார் என்று அப்பா பயந்தார். அதனால்தான் சாயங்காலம் பெரியப்பா வந்து, "இன்னாடா கெட்ச்சுது?" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்லண்ணா, ஒட்ஞ்ச பான" என்று சொல்லிவைத்தார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். மூட்டை போனதை டீக்கடைக்காரர் பார்த்திருந்தார், டீக்கடைக்காரர் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. "ஒட்ஞ்ச பானைய எவனாவது கோணியில கட்டி எட்த்துகினு போவானா?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அப்புறம் எங்கள் வீட்டில் எது நுழைந்தாலும் அது புதையல் கணக்கில் ஏறியது. அம்மா ஒரு கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். பெரியம்மா கட்டிப்பிடித்து விசாரிக்கிற சாக்கில் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஏழுமலை புது சைக்கிள் வாங்கியபோது, "வாய அட்ச்சிட்டாங்க" என்று முடிவே ஆகிவிட்டது. கடைசியில் பொறுக்கமுடியாமல் அப்பா உண்மையைச் சொன்னார். "எலும்பாம் எலும்பு! எங்க, காட்டச் சொல்லு" என்றார் பெரியம்மா. அதற்குள் மழை பெய்து, அப்பா எலும்பைக் கொண்டுபோய்ப் புதைத்த இடத்தின்மேல் ஏரித் தண்ணீர் ஏறியிருந்தது. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான்" என்று பெரியம்மா சொன்னதோடு பேச்சு நின்றது.

வீடுகள் எழும்பின, நடுவே மதில் எழும்பியது. கிணறு பொது என்பதால் மதில் கிணற்றின் குறுக்கேயும் போனது. எங்களுக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி. இரண்டு பக்கத்து வாளிகளும் தண்ணீரில் இடித்துக்கொள்ளும், இழுப்பவர்கள் முகம் பார்க்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளில் கல்லூரியில் சரித்திரம் படிக்கப் போனபோதுதான் அந்தப் பானையின் பெயர் முதுமக்கள் தாழி என்று தெரிந்தது. நம் ஊர்ப்பக்கத்து மண்ணுக்கடியில் எத்தனையோ கிடக்கின்றன என்றும், இறந்தவர்களுக்குச் சோற்றுக் கிண்ணத்தோடு அந்தக் காலத்து ஜனங்கள் விடைகொடுத்த விதம் அது என்றும் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா! பெரியப்பாவைக் கெஞ்சி மியூசியத்துக்கு அழைத்துப்போய், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தாழியைக் காட்டினேன். எலும்பைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், அவர் முகம் இளகிக்கொண்டே வந்தது. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். அங்கே, தெற்கே ஒரு தாழிக்காட்டில் அகப்பட்ட நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டம் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

"அப்ப இது இன்னா?" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, என் பக்கத்தில் இடமிருந்தும் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது பெரியவர்கள் யாரும் இல்லை. இரண்டு மனைகளையும் சேர்த்து அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டோம். ஏரியிலும் பாதி வீடுகளாகிவிட்டது. போன மாதம் இடித்தார்கள். மதில் ஒரே தள்ளில் விழுந்தது, கிணற்றைச் செங்கல் குப்பை போட்டு மூடினார்கள். பெரியப்பா மகன் குமார் அண்ணனும் வந்திருந்தார். "சும்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்றார். சும்மா பார்க்க யார் காலை ஆறு மணிக்கு வருவார்கள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அப்பாவைச் சந்தேகப்பட்ட அத்தனை பேரோடும் காலமெல்லாம் சண்டை போட்டவள் நான்.

ஜேசிபி அப்பா படுத்திருந்த அறையின் தரையைப் பெயர்த்தது. என்னையறியாமல் நான் இரண்டடி முன்னால் போய், பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தேன். வெறும் மண்தான். நிமிர்ந்தபோது குமார் அண்ணன் பள்ளத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.