ஹோட்டலுக்குப் பக்கத்துத் தியேட்டர்

மற்றவர்கள் என்ன படம் என்று தீர்மானித்துவிட்டு, போகிற வழியில் எங்கே சாப்பிடலாம் என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழாக இருந்தது. என் வீட்டுக்காரர் முதலில் ஹோட்டலைத்தான் முடிவு செய்வார். அதற்குப் பக்கத்துத் தியேட்டரில் எது ஓடுகிறதோ அதுதான் நாங்கள் பார்க்கிற படம். மலையாளமோ தமிழோ ஹிந்தியோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய பழக்கம் இது. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறி எறணாகுளம் போவோம். "வயசு போகப் போக அக்காவுக்கு செகண்ட் ஷோ கேக்குது" என்று குழாயடியில் ஒருத்தி கேலி செய்தாள். சிரித்து வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மகனைத் தேடிப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கு ஒரே மகன். அவன் அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மகனுக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தார். குப்பை அள்ள வரமாட்டேன் என்றான் அவன்.

"அப்ப ஏதாச்சும் ஹோட்டல்ல எச்சித் தட்டு எடுக்கப் போ."

கோபத்தில் அவர் வாயில் வந்த வார்த்தைதான். மறுநாள் காலை பாயில் அவன் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, எறணாகுளத்தில் ஏதோ ஹோட்டலில் அவன் பரிமாறிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததாகப் பள்ளுருத்திக்காரர் ஒருவர் சொன்னார். எந்த ஹோட்டல் என்று கேட்டால் தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாராம்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் இவர், படத்துக்குப் போகலாம் வா என்றார். தேடப் போகலாம் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு தடவை சாப்பிட்ட ஹோட்டலுக்கு மறுபடி போகமாட்டார். கலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், வைட்டிலா ஜங்ஷன், இப்படி எங்கெங்கோ. வாசலில் நின்று விலைப்பலகையைப் படிக்கிற மாதிரி உள்ளே நிற்கிற சப்ளையர்களைப் பார்ப்பார். அடுக்களை வாசலுக்கு நேரே உட்காருவார். நெய் ரோஸ்ட் சொல்வார், அது வர நேரமாகும் என்று. எனக்கு ஆண்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். தண்ணீர் வைக்கிற கையை மட்டும் பார்ப்பேன். பெற்ற பிள்ளையின் கை தெரியாதா? ஒவ்வொரு தடவையும் வேறு யாருடைய கையாகவோ இருக்கும். சீக்கிரம் எழுந்துவிடக் கூடாதே என்று ஒரு துண்டு விடாமல் மெல்லத் தின்பேன்.

வருஷங்கள் போயின. ஒரு ஞாயிறு, போன மாதம் போன அதே ஹோட்டலுக்குள் நுழைந்தார். இங்கே வந்தாயிற்றே என்றேன். தோசை நன்றாக இருந்ததே என்றார்.

தேடுவதையே விட்டுவிட்டாரா? தண்ணீர் வைத்தவர் தலை நரைத்த தமிழாள். அதுவரை எந்த ஹோட்டலிலும் வாய் திறக்காத நான் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, மட்டாஞ்சேரிப் பையன் ஒருத்தன் இங்க ஜோலிக்கு நின்னானா? என் மகன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இவரு பண்டே, ரொம்ப முன்னாடியே வந்து கேட்டாரே அம்மா. ரெண்டு மூணு தடவை வந்தாரே."

அவர் நகர்ந்ததும் இவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். வேலை முடிந்து தனியாக வந்து எல்லா இடத்திலும் கேட்டாகிவிட்டதாம். இனிக் கேட்க ஒரு ஹோட்டல் பாக்கியில்லையாம்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வீட்டுல நீ ஒழுங்காத் தின்னுறதில்ல. இங்க வந்தா, அவன் வருவான்னு நெனச்சுத் தின்னுறே."

நெய் ரோஸ்ட் வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. சினிமா டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது. படத்துக்குப் போகாமல் மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஏறினோம். அதற்குப் பிறகு அவர் என்னைப் படத்துக்குக் கூப்பிடவில்லை.