பீடம் ஏறாத லில்லிகள்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அவருடைய மூத்த மகள் எழுதுவது. நல்லதை மட்டும் எழுது என்று பலர் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். மற்றவர்களைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

அப்பா கடியப்பட்டணத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கட்டுமரம் ஏறினார். அம்மாவைக் கட்டி இந்த ஊருக்கு வந்தபோது, வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசாதவர்கள் குறைவு. அப்பா தன் வேலையைப் பார்த்தார். கடலுக்குப் போனார்; என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்; யார் வீட்டு வள்ளம் மணலில் சிக்கினாலும் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். வள்ளத்து எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் போன பிறகு கரையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. கடலோடிக்கு அது பெரிய தண்டனை.

அந்த நாட்களில்தான் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் நண்பர் வீட்டிலிருந்து மூன்று கிழங்குகளைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். நர்சரிக்காரர்கள் அமரில்லிஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஈஸ்டர் லில்லி. மீன் வரும் தெர்மகோல் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, உப்புப் போகக் கழுவிய மணலோடு செம்மண்ணும் சாணிப்பொடியும் கலந்து, கிழங்கின் கழுத்து வெளியே தெரியும்படி நட்டார். முழுதாகப் புதைத்தால் அழுகும் என்பதை முதல் வருடமே ஒரு கிழங்கைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டார். பூ வாடியதும் தண்டை மட்டும் வெட்டுவார். இலையை யாரையும் தொட விடமாட்டார். அடுத்த வருடப் பூவுக்கு இலைதான் சோறு போட வேண்டும். கிறிஸ்மஸ் குடில் கட்டும்போது தண்ணீரை நிறுத்துவார். இலை பழுத்ததும் கிழங்குகளை எடுத்து, வலை வைக்கும் அறையில் சாக்கின்மேல் பரப்பி வைப்பார். ஒருமுறை பாவம் பார்த்துத் தண்ணீர் தெளிக்கப் போனேன்.

"ஏட்டி, வெள்ளம் ஊத்தாத. அது உறங்குது, எழுப்பாத."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பூசை முடிந்து வந்து, நெற்றியில் சாம்பலோடேயே கிழங்கு நடுவார். அன்று நட்டால் ஈஸ்டருக்குப் பூக்கும் என்பது அவர் கணக்கு. மொட்டு முந்தினாலும் பிந்தினாலும் பெட்டியை வெயிலுக்கும் நிழலுக்குமாக மாற்றிச் சரிக்கட்டிவிடுவார். கிழங்குகள் பெருகிய பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனியன்று பன்னிரண்டு பெட்டிகள் ஆட்டோவில் கோயிலுக்குப் போகும். பீடத்தின் முன்னால் ஒரே சிவப்பாக நிற்கும். கேலி பேசியவர்களே, "மாமா, இந்த வருசம் எத்தன பூ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த ஊரில் அப்பாவுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

அப்பா இறப்பதற்கு முந்திய ஈஸ்டருக்கு, கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவை பீட அலங்காரத்தை வெளியூர்க்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தது. துணிப்பூவும் விளக்குமாக வைப்பதென்று தை மாதத்திலேயே முடிவாகிவிட்டது. அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தக் கூட்டத்தில் தம்பியும் இருந்தான். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று பொறுப்பு ஏற்றவன் அவன். சொல்லவில்லை. சாம்பல் புதனன்று அப்பா நட்டபோது மண் சுமந்து கொடுத்தான். தவக்காலம் முழுக்க அந்த மொட்டுகளைப் பார்த்துக்கொண்டே அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பேரவையில் இருந்த மற்றவர்களும் எங்கள் வாசலில் நின்று, எத்தனை பூ என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

பெரிய சனியன்று நானும் ஆட்டோவில் போனேன். பீடத்தில் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லை. "உங்க மவன் சொல்லேல்லியா?" என்று பேரவைக்காரர் ஒருவர் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தார்.

"வேண்டாம்னா நடுததுக்கு முன்னே சொல்லியிருக்கலாம்லா, மக்கா."

 பெட்டிகளை அம்மாவின் கல்லறையருகே இறக்கச் சொன்னார். அன்று இரவு ஈஸ்டர் திருவிழிப்புப் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார்.

"எப்பிடிக்கா சொல்ல? நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு நாள் போச்சு" என்கிறான் தம்பி. துரோகம் என்பது பெரிய சொல்லாம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஈரல் நோய் கண்டது. சாம்பல் புதனன்று எழுந்திருக்க முடியவில்லை. தம்பி, கல்லறையருகேயிருந்து எடுத்துவந்து உறங்க வைத்திருந்த கிழங்குகளைக் கட்டிலருகே கொண்டுவந்து, "நட்டு வைக்கட்டா, அப்பா?" என்று கேட்டான்.

"யாருக்கு?" என்றார் அப்பா.

 தம்பி கிழங்குகளைத் திரும்பச் சாக்கில் கொண்டுபோய் வைத்தான். மூன்றாவது வாரம் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய அண்டை வீட்டாருக்கும், கடைசி நற்கருணை கொண்டுவந்த அருட்தந்தைக்கும், அடக்கத்துக்குக் குழி வெட்டிய இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி. தம்பிக்கும் நன்றி. ஆறு மாதம் அப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டியவன் அவன். அதில் பாதி நாள்கூட நான் உடன் இருக்கவில்லை. அப்பா தன்னை மன்னித்துவிட்டார் என்று இந்த மலரில் ஒரு வரி எழுதச் சொன்னான். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. கடைசிவரை பக்கத்திலேயே இருந்த அவனும் கேட்கவில்லை. அதனால் அந்த வரியை நான் எழுதவில்லை.