அளவு நோட்டைக் கேட்ட கம்பெனி

மும்பை தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், மாவு மில்லுக்கு எதிரே கலைச்செல்வியின் தையல் கடை. ஆறுக்கு எட்டடி. அதில் பாதியைத் திரை பிடித்துக்கொள்கிறது. மாட்டுங்கா ஆபீஸ் பெண்களும் மாஹிம் மீன்காரப் பெண்களும் ரவிக்கைக்கு இவரைத் தேடி வரக் காரணமே அந்தத் திரைதான். உள்ளே அளவெடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பேசாமல் நோட்டில் எழுதிக்கொள்வார். இருநூற்றுப் பத்துப் பேர் அந்த நோட்டில் இருக்கிறார்கள்.

போன மாதம் ஓர் ஆன்லைன் துணி கம்பெனியிலிருந்து நாகராஜ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இப்போது முலுண்டில் இருக்கிறார். எல்லாருடைய அளவையும் போன் நம்பரோடு கம்பெனி ஆப்பில் ஏற்றினால், மோட்டார் தையல் மெஷின் இலவசம் என்றார். அன்றே மெஷினை இறக்கியும் வைத்துவிட்டார். இருபது வருடம் மிதித்து முழங்கால் வீங்கிப்போன கலைச்செல்விக்கு அது லேசான விஷயமில்லை.

பழகிப் பார்க்க முதலில் தன் அளவையே ஏற்றினார். நம்பர் கேட்ட இடத்தில், அந்தச் சந்தில் பாதிப் பேர் செய்வதைச் செய்தார்: தன் நம்பருக்குப் பதில் மாவு மில் அய்யாத்துரையின் நம்பரைக் கொடுத்தார். சிலிண்டர், கூரியர், பள்ளிக்கூடம் எல்லாச் செய்தியும் அவருக்குத்தான் வரும். அவர் வாசலில் நின்று கூவிச் சொல்வார்.

மூன்றாம் நாள் காலை மில் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

"ஏ கலைச்செல்வி, ஒனக்கு மெசேஜ் வந்திருக்கு. இடுப்பு முப்பத்தெட்டாம்லா. ஒரே மாசத்துல முப்பத்திரண்டாக்கப் பொடி தாரானாம்."

தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சும்மா கெடங்க அண்ணாச்சி."

"இரு, இன்னொண்ணும் வருது. பெரிய சைஸ் உள்பாடி பாதி வெலையாம்."

கலைச்செல்வியும் சிரித்துவிட்டார். ஆனால் கடைக்குள் வந்ததும் நோட்டைப் புரட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளும் டீச்சர். மாதாமாதம் அளவு கூடும் காரணத்தை மாமியாரிடம் இன்னும் சொல்லாத மருமகள். நோட்டை மூடி, நாகராஜுக்குப் போன் போட்டார்.

"வெறும் நம்பர்தானக்கா. இதுல என்ன இருக்கு?" என்றபடியே வந்தார் அவர்.

"அப்ப சட்டையக் கழத்துங்க தம்பி. தொப்பைய அளந்து, ஒங்க பேரு, போன் நம்பரோட மில்லு செவத்துல எழுதிப்போடுதேன்."

நாகராஜ் மில் வரிசையைப் பார்த்தார். வயிற்றை எக்கிக்கொண்டார்.

"மூச்ச விடுங்க. அளவு தப்பாயிரும்."

"வெளாடாதீங்கக்கா. கால் வலிக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"வலிக்கத்தான் செய்யுது. என் காலுக்கு அவங்க ஒடம்பையா குடுக்க முடியும்? மெஷினத் தூக்குங்க. என் அளவையும் அழிச்சிருங்க."

அழிக்கும் வழி தனக்குத் தெரியாது என்று நாகராஜ் ஒப்புக்கொண்டார். மெஷினைத் தூக்க அய்யாத்துரை ஒரு கை கொடுத்தார்.

இந்தக் கதையைக் கலைச்செல்வி எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லவில்லை. அய்யாத்துரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பழைய மெஷினிலேயே சின்ன மோட்டார் ஒன்றைப் பூட்டலாம் என்று மாஹிமில் ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கிறார். தீபாவளி ரவிக்கைகள் முடிந்ததும் கலைச்செல்வி அதைப் பூட்டிக்கொள்ளப் போகிறார். அதுவரை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மிதிக்கிறார்.