நாற்பது முடியும்வரை தண்ணீரில் கண்டம்

நாற்பது முடியும்வரை எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்னபோது நான் தொட்டிலில் கிடந்தேன். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தாமிரபரணிக் கரையில் பிறந்தும், அண்ணன்மார் ஆற்றில் கும்மாளம் போட, நான் முற்றத்துக் குழாயடியில் சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தேன். பிறகு எனக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்தவளும் அவளேதான்.

“கண்டம்னு சொல்லிட்டு கடலோரத்துலயா கட்டிக் குடுப்ப?” என்று கேட்டால், “மாப்பிள்ளைக்கு ஹார்பர்ல வேலைளா. நீ என்ன கடல்லயா குடித்தனம் பண்ணுத?” என்பாள்.

கேலி பேசினாலும் அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகக் கடலை ரோட்டில் நின்றே பார்த்தேன். பிள்ளைகள் அலையில் இறங்கினால் செருப்புகளுக்கு நான்தான் காவல்.

இந்த வருஷம் நாற்பது முடிந்தது. முயல் தீவுக்குக் கடலில் குளிக்கப் போகிறேன் என்றதும் அம்மா ஃபோனில் குதித்தாள். “இங்கிலீஷ் தேதியப் பாத்தா கண்டம் வந்துச்சு? நட்சத்திரத்துக்கு இன்னும் எட்டு நாள் கெடக்கு.” எரிச்சலோடு எட்டு நாளும் காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலை அவளே பஸ் பிடித்து வந்து நின்றாள்.

பழைய துறைமுகத்தையும் புதுத் துறைமுகத்தையும் தாண்டி, என் கணவர் எங்களைக் காரிலேயே தீவுக்குக் கொண்டுபோனார்; பேர்தான் தீவு, கரையோடு சேர்த்து ரோடு உண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் குளம் மாதிரிதான் கிடந்தது. ஆனாலும் மணலில் கால் வைத்ததும் என் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏளா, நில்லு. நான் மொதல்ல எறங்குதேன்.” அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். காலடி மணலை விரலால் தடவித் தடவிப் பார்த்தபடி என்னை நோக்கிக் கை நீட்டினாள்.

“ஆத்துலயே கெடந்தவ, ஒனக்கென்னம்மா பயம்?”

“எங்க கெடந்தேன்? ஒனக்குக் கண்டம்னு சொன்ன அன்னைக்கு ஆத்த விட்டேன். நீ குழாயடியில நிக்கயில நான் மட்டும் எப்படிளா போயி முங்குவேன்?”

சிறுவயதில் நான் விழிக்கும் முன்பே தலைக்குக் குளித்து நிற்பாள். ஆற்றுக்குப் போய் வந்திருக்கிறாள் என்று எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன்!

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இருவரும் சேர்ந்தே முங்கினோம். எழுந்து மூச்சு விட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

வெகு நேரம் கழித்து என் கணவர் கரையிலிருந்து கையசைத்தார். “வாம்மா, அவுக கூப்பிடுதாக,” என்றேன்.

“ஏளா, இரு. இன்னும் ஒரே ஒரு முங்கு,” என்று அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.