ராகுகாலத்தில் வாங்காத கார்

போன செவ்வாய்க்கிழமை எங்க சாம்பல் கலர் காரை விலைக்குப் பார்க்க, பாப்பிரெட்டிப்பட்டியிலேர்ந்து ஒரு புருஷன் பெண்ஜாதி வந்திருந்தாங்க. மகன் சேலத்துல வேலை கிடைச்சுப் போறான். இனிமே வண்டி ஓட்ட இங்க ஆள் இல்லை. அதான் விக்கறோம்.

அவர் வாசல்ல நின்னு டயரை உதைச்சுப் பார்த்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு உள்ளே வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு. காபி டம்ளரைக் குடிக்காம கையிலயே வெச்சுக்கிட்டு மெல்லக் கேட்டுச்சு...

"ஏங்கம்மா, வண்டி எப்படிங்க? மாமனாருக்கு மூச்சு இழுப்பு. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகத்தான் பாக்கறோம்."

எட்டு வருஷம் முந்தி இந்தப் பொண்ணு இடத்துல நான் உக்காந்திருந்தேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் எங்க மருமக ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்த நேரம் பஸ் போயிடுச்சு. மாட்டு வண்டி கட்டி தர்மபுரி போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளை இல்லை. இதுக்கு மேல அதை எழுத என்னால ஆகாது.

மறுவருஷம் அவ திரும்ப முழுகாம இருந்தா. எங்க வூட்டுக்காரர் காளை ஜோடியைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனார். வித்த பணத்தோட திரும்பி வந்து, "கார் வாங்கிடலாம். பையன்தான் லாரி ஓட்டறானே" அப்படின்னார். எங்க வசதிக்குப் புதுசு எங்கே? பழசுதான்.

காரிமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில் முதலாளிகிட்ட கறுப்பு கார் இருந்துச்சு. என்னா பளபளப்பு! முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம். சாவியைத் திருப்பினதும் சமர்த்தா ஸ்டார்ட் ஆச்சு. இவர் மயங்கிட்டார். அட்வான்ஸை வெத்தலை பாக்குத் தட்டுல வெச்சுக் குடுத்துட்டா வியாபாரம் முடிஞ்சுது — அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

நான்? நாலு ஆம்பளைங்க இருக்கற இடத்துல வாயே திறக்க மாட்டேன். முதலாளி சம்சாரத்தோட உள்ளே உக்காந்திருந்தேன்.

"எதுக்குங்கக்கா கார் இவ்வளவு அவசரமா?"ன்னு கேட்டாங்க. ஸ்டெல்லாவைப் பத்திச் சொன்னேன். வெத்தலையைத் துடைச்சுக்கிட்டிருந்த அவங்க கை நின்னுடுச்சு.

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி...

"வாங்காதீங்கக்கா. ஆறிக் கிடந்தா இப்படித்தான் எடுக்கும். பத்து மைல் ஓடிச் சூடேறி நின்னுச்சோ, ஈரச் சாக்கைப் போட்டு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கணும். எங்க மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப, பெட்ரோல் போட நிறுத்தினாங்க. அவ்வளவுதான். அவங்க உசுரு அந்த சீட்டுலயே..."

முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. "நான் சொன்னேன்னு தெரியக் கூடாதுக்கா."

"தட்டு என்னாச்சு?" — வெளியே முதலாளி குரல்.

அந்தம்மா தட்டோட எழுந்தாங்க. போறப்ப சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அஞ்சாங்கிளாஸ் படிப்பு... எழுத்துக் கூட்டி வாசிச்சேன். செவ்வாய், ராகுகாலம் மூணு முதல் நாலரை. கடியாரத்துல மூணேகால்.

வாசல் வரைக்கும் எப்படிப் போனேன்னு இன்னைக்கும் தெரியலை.

"ஏங்க... இப்ப ராகுகாலமுங்க."

முதலாளி நெத்தியில அடிச்சுக்கிட்டார். "அடடா! வேதக்காரங்களே பாக்கறீங்க, நான் மறந்துட்டேனே! இன்னொரு நாள் வெச்சுக்கலாமுங்க."

எங்க வூட்டுக்காரர் திறந்த வாயை மூடலை. ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்கு எல்லாருக்கும் முந்திப் போய் நிக்கற மனுஷன் அவர்!

பஸ்ஸுல கேட்டார்: "ஏ புள்ள, நமக்கு எப்பலேர்ந்து ராகுகாலம்?"

"இன்னைக்கு மூணேகால்லேர்ந்து."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். ஊர் வந்து இறங்கறப்ப என் கையிலிருந்த பையை வாங்கிக்கிட்டார். அதுக்கு முந்தி ஒரு நாளும் வாங்கினதில்லை.

செஞ்ச பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல, ராகுகாலம் பாக்கற மாதிரி நடிச்ச அந்தப் பொய்யைச் சாமியார்கிட்ட சொன்னேன். சிரிப்பை அடக்கற சத்தம்தான் கேட்டுச்சு. ஆனா அந்தக் கறுப்பு கார் அப்புறம் யார் வூட்டுக்குப் போச்சோ... அது இன்னமும் உறுத்துது.

அரூர்ல ஒரு ரிட்டயர் ஆன கம்பவுண்டர்கிட்ட இந்தச் சாம்பல் காரைப் பார்த்தோம். அழகுன்னு சொல்ல ஒண்ணுமில்லை. பின் கதவு கயித்துல கட்டியிருந்துச்சு. எங்க வூட்டுக்காரர் அதைப் பத்து மைல் ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, ஒரு பீடி குடிச்சார். ஸ்டார்ட் ஆச்சு. திரும்ப ஓட்டி, நிறுத்தி, இன்னொரு பீடி. ஆச்சு. மூணாவது பீடிக்கும் ஆச்சு. வாங்கிட்டோம்.

நாலு மாசம் கழிச்சு ஒரு விடியக்காலையில ஸ்டெல்லாவை ஏத்திக்கிட்டுப் போனோம். வலி வர்றப்பெல்லாம் அந்தக் கதவுக் கயித்தைத்தான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. வண்டி எங்கேயும் நிக்கலை. பேத்தி நிர்மலா இப்ப ரெண்டாவது படிக்கிறா. கதவை ரிப்பேர் பண்ணிடலாம்னு மகன் எத்தனையோ தடவை சொன்னான். கயித்தை அவுக்க ஸ்டெல்லா விடலை.

பழைய வண்டி வாங்கப் போறவங்களே... பானெட்டைத் திறந்து பாருங்க, வேண்டாங்கலை. ஆனா அதுல ஏறினவங்க நல்லபடியா போய்ச் சேர்ந்தாங்களான்னு இஞ்சின் சொல்லுமா? வூட்டுக்குள்ள இருக்கறவங்களைத்தான் கேக்கணும்.

அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணையும் மறைக்கலை. "மழை பெய்ஞ்சா இடது பக்க சீட்டு நனையும், கண்ணு. ஹாரன் நினைச்சாத்தான் அடிக்கும். கதவுக்குக் கயிறுதான் பூட்டு. ஆனா யாரையும் பாதி வழியில விட்டதில்லை."

"உள்ள என்ன ரகசியம்?"னு வாசல்லேர்ந்து எங்க வூட்டுக்காரர் சத்தம் போட்டார்.

அந்தப் பொண்ணு காபியை ஒரே மடக்குல குடிச்சுட்டுச் சுவத்தை நிமிர்ந்து பார்த்துச்சு. எங்களது சர்ச் காலண்டர்.

"வாங்கிக்கறோம்மா. அட்வான்ஸ் குடுக்க நேரம் பாக்கணுமே... இதுல ராகுகாலம் போடலீங்களா?"

"மூணுலேர்ந்து நாலரை, கண்ணு. செவ்வாய்க்கிழமைன்னா எனக்கு மனப்பாடம்."