வேலி இருந்த இடம்

பள்ளிக்கூட பஸ் ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப் சத்தம் இப்போது எங்கள் வீட்டுச் சுவர்வரை வந்துவிட்டது. பார்க்கிங்கை அகலப்படுத்துகிறார்களாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அங்கே சைக்கிள் மணிதான் கேட்கும். அது பள்ளிக்கூடத்தை ஒட்டிய எங்கள் களம். காயும் மல்லாட்டைக் கடலையின் மண்வாசனையோடு செயின் எண்ணெய் நாற்றமும் கலந்து வரும். அந்த வருஷம்தான், ஒலக்கூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று ஹெட்மாஸ்டர் வந்து கேட்டார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார்.

“பட்டா இல்லாத எடங்க. வேலிதான் நமக்கு அத்தாட்சி. எழுதி வாங்கிக்கினு வேலியப் பிரிங்க,” என்றாள் அம்மா.

“படிக்கிற புள்ளைங்க கிட்ட பத்திரம் கேக்கச் சொல்றியா?” என்று அப்பா சீறினார். முதல் முள்கழியை என்னைப் பிடுங்கச் சொன்னார். கையில் ரத்தம் வந்தது, பெருமையாகவும் இருந்தது. அதன்பின் காற்றிறங்கிய டயருக்கெல்லாம் அவரே பம்ப் எடுத்துப்போய் அடித்துக்கொடுப்பார்.

அப்பா இப்போது இல்லை. நேற்று பள்ளித் தாளாளர் சர்வேயரோடு வந்தார். இந்த இடம் என்றைக்கும் பள்ளிக்கூடத்துடையதுதான் என்று எழுதிய தாளில் இப்போது எங்கள் தெருவில் குடியிருக்கும் நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நால்வருமே சிறுவயதில் அங்கே சைக்கிள் நிறுத்தியவர்கள். அப்பா அடித்த காற்றில் வீடு போய்ச் சேர்ந்தவர்கள்.

“இங்க எப்பனாச்சும் வேலி இருந்துச்சா சார்?” என்று சர்வேயர் கேட்டார்.

“இருந்துச்சு.”

“யாரு எடுத்தது?”

தாளாளர் என்னையே பார்த்தார்.

“நான்தான்,” என்றேன். சர்வேயர் அதை எழுதிக்கொண்டார்.